யாழும் நகமும்

உலகத்துத் தேசங்கள் தங்கள் இலச்சினைக்கு எதையெல்லாமோ எடுத்துக்கொண்டிருக்கின்றன. சில தேசங்களுக்குச் சிங்கம். சில தேசங்களுக்குக் கழுகு. வாளும் துப்பாக்கியும்கூட உண்டு. ஆனால் ஒரு சங்கீத வாத்தியத்தைத் தேசிய இலச்சினையாக வைத்துக்கொண்டிருக்கும் தேசம் அயர்லாந்து ஒன்றுதான். அத்தேசத்து அரசாங்க முத்திரையில் யாழ். பாஸ்போர்ட்டின் அட்டையில் யாழ். 1928-ம் வருஷத்தில் அச்சடித்த சுதந்திர நாணயங்களில் யாழ். இன்று வழங்கும் யூரோ காசுகளிலும் யாழ்.

இதைக் கேட்டதும் நம் நேயர்கள், "ஆகா! எப்பேர்ப்பட்ட ரஸிக தேசம்! அங்கே வீட்டுக்கு வீடு மாலை வேளைகளில் யாழ் ஒலிக்கும் போலும்!" என்று மகிழ்ச்சி அடையக்கூடும். சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. ஐரிஷ் தேசபக்தர்கள் யாழைச் சுதந்திரச் சின்னமாக உயர்த்திப் பிடித்த காலமும், அந்த யாழைப் பழைய முறையில் வாசிக்கத் தெரிந்த கைகள் அற்றுப்போன காலமும் ஏறக்குறைய ஒன்றேயாகும். இந்த விசித்திரம் எப்படி நேர்ந்தது என்பதையே இவ்வாரம் ஆராயப் போகிறோம்.

அதற்கு முன்பு ஒரு வார்த்தை. அயர்லாந்து, ஸ்காட்லந்தின் மலைநாடு, வேல்ஸ், பிரான்சிலுள்ள பிரிட்டனி ஆகிய பிரதேசங்களில் கெல்டிக் மொழிகள் வழங்கி வந்தன. இன்றும் ஓரளவு வழங்குகின்றன. இப்பிரதேசங்களின் நாட்டுச் சங்கீதத்தை இக்காலத்தில் 'கெல்டிக் சங்கீதம்' என்று ஒரே பெயரால் குறிப்பிடுவது வழக்கமாகியிருக்கிறது. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாணி, தனி வாத்தியம், தனிச் சரித்திரம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முயல்வது யானையைப் பானைக்குள் அடைப்பது போலாகும். ஆகையால் அயர்லாந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

பித்தளைக் கம்பியும் வில்லோ மரமும்

டப்ளின் நகரத்து டிரினிடி கலாசாலையில் மிகப் பழைய யாழ் ஒன்று இருக்கிறது. 1014-ம் வருஷத்தில் போர்க்களத்தில் மாண்ட பிரையன் போரு என்னும் அரசருடைய யாழ் அது என்று ஜனங்கள் சொல்லி வந்தார்கள். ஆராய்ச்சிக்காரர்களோ, அது பதினாலு அல்லது பதினைந்தாம் நூற்றாண்டில் செய்யப்பட்டது என்று கண்டு சொல்லி, அரசருக்கு அதில் பாத்தியதை இல்லையென்று தீர்த்துவிட்டார்கள். அரசர் போனாலும் யாழின் மதிப்புக் குறையவில்லை. அரசாங்க இலச்சினையில் உள்ள யாழுக்கு இதுவே மாதிரி.

பிரெஞ்சு, இத்தாலிய வாத்திய கோஷ்டிகளில் நாம் பார்க்கும் பெரிய 'ஹார்ப்' வாத்தியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகம். இது மடியில் வைத்துக்கொள்ளத் தக்கது. உடல் வில்லோ மரத்தின் ஒரே துண்டைக் குடைந்து செய்யப்பட்டது. நரம்புகள் பித்தளைக் கம்பிகள். வித்துவான் அதை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, இடது கையால் மேல் ஸ்தாயியையும் வலது கையால் கீழ் ஸ்தாயியையும் வாசிப்பார். விரல் நுனியால் அல்ல. அதற்கென்றே வளர்த்த நீண்ட நகங்களால்.

நகத்தால் மீட்டிய பித்தளைக் கம்பி மணியைப் போல் ஒலிக்கும், ஒலித்துக்கொண்டே இருக்கும். அதுதான் அதன் அழகு. அதுவே அதன் அபாயமும். ஒரு ஸ்வரத்தின் கார்வை அடங்குமுன் அடுத்த ஸ்வரத்தை மீட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக் கலவரமாகிவிடும். ஆகவே எந்தக் கம்பியை ஒலிக்கவிடுவது, எந்தக் கம்பியை எந்த விரலால் தொட்டு அடக்குவது என்பது இந்த வித்தையில் சரி பாதி. மீட்டும் வித்தையைப் பார்த்துக் கற்கலாம். அடக்கும் வித்தையோ கண்ணுக்கு எளிதில் தெரியாது. குருவின் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

ஆதரிப்பார் இல்லாத வித்தை

பழைய அயர்லாந்தில் ஒவ்வொரு குறுநில மன்னரின் சபையிலும் புலவரும் யாழ்வாணரும் மரியாதையுடன் வாழ்ந்தார்கள். 1601-ம் வருஷத்தில் கின்ஸேல் போரில் ஆங்கிலேயர் ஜயித்தார்கள். 1607-ல் வடபகுதித் தலைவர்கள் கப்பலேறி வெளிநாடு போய்விட்டார்கள். பிறகு வந்த யுத்தங்களில் நிலங்களும் கைமாறின. சபை போயிற்று, சபாபதி போனார், வித்துவான் மட்டும் எஞ்சினார். அவர் ஒரு குதிரையில் ஏறிக்கொண்டு, கிராமத்துப் பெரிய வீடுகளை நாடி ஊர் ஊராகச் செல்லலானார்.

இப்படி நாடு சுற்றியவர்களில் மிகப் பிரசித்தி பெற்றவர் டர்லோ ஓ கரோலன் (1670–1738). வைசூரியினால் பதினெட்டாவது வயதில் கண்ணிழந்த அவருக்கு, மக்டெர்மட் ரோ என்ற குடும்பத்துச் சீமாட்டி யாழ் கற்க ஏற்பாடு செய்து, குதிரையும் வழித்துணையும் கொடுத்து அனுப்பினார். எந்த வீட்டில் விருந்து கிடைத்ததோ அந்த வீட்டாரின் பெயரில் ஒரு மெட்டு அமைத்துவிடுவார் கரோலன். இன்று இருநூறுக்கு மேற்பட்ட அவருடைய மெட்டுகள் கிடைத்திருக்கின்றன. இத்தாலிய சங்கீதத்தின் சாயலும் அவற்றில் சிலவற்றில் உண்டு. வந்த சங்கீதத்தை வாசலில் நிறுத்திவிடாமல், உள்ளே அழைத்துத் தம் வீட்டு உடையை உடுத்திவிட்டார் அந்த மகான்.

கண்ணிழந்த பிள்ளைகளுக்கு யாழ் கற்றுக்கொடுப்பது அக்காலத்தில் ஒரு ஜீவனோபாயமாக இருந்தது. ஆனால் விருந்தளிக்கும் வீடுகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தன.

பதினொருவர் கூடிய சபை

1792-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பெல்பாஸ்டு நகரத்துப் பிரமுகர்கள் சிலர் சேர்ந்து ஒரு யாழ் விழா நடத்தினார்கள். நாடு முழுவதும் விளம்பரம் செய்தும், பரிசுகள் ஏற்படுத்தியும், வந்து சேர்ந்த ஐரிஷ் யாழ்வாணர்கள் பத்துப் பேர்தான். வேல்ஸிலிருந்து வந்த ஒருவரையும் சேர்த்தால் பதினொருவர். அவர்களில் பலர் கண்ணிழந்தவர்கள். பெரும்பாலோர் நடுவயது கடந்தவர்கள். பெண்பாலில் ரோஸ் மூனி என்னும் ஒரே ஒருத்தி. பதினைந்து வயதுப் பையன் ஒருவன். ஒரு தேசத்தின் ஆயிரம் வருஷத்து வித்தை அந்த ஒரே மண்டபத்துக்குள் அடங்கிவிட்டது.

சபையில் எல்லாருக்கும் மூத்தவர் டெனிஸ் ஹெம்ப்ஸன். அவருக்கு அப்போது வயது தொண்ணூற்றேழு என்று குறித்திருக்கிறார்கள். பழைய முறைப்படி நீண்ட நகங்களால் பித்தளைக் கம்பியை மீட்டியவர் அங்கே அவர் ஒருவரே. மற்றவர்கள் விரல் சதையால் வாசித்தார்கள். அப்படியானால் முதல் பரிசு இந்தக் கிழவருக்கே கிடைத்திருக்கும் என்றுதானே நேயர்கள் நினைப்பார்கள்? இல்லை. சார்லஸ் பானிங் என்பவர் ஒரு பழைய மெட்டைப் புது மோஸ்தரில் அலங்காரங்களுடன் வாசித்துப் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். சபையோரின் ருசி அக்காலத்திலேயே அப்படி!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதற்கு முந்திய வருஷந்தான் 'ஐக்கிய ஐரிஷ்காரர்' சங்கம் பெல்பாஸ்டில் ஸ்தாபிக்கப்பட்டு, யாழைத் தன் சின்னமாக ஏற்றுக்கொண்டிருந்தது. அச்சங்கத்தின் பெருந்தலைவர்களில் ஒருவரான வுல்ப் டோன், இந்த விழாவுக்கு வந்து கேட்டுவிட்டு, தம் டைரியில் அலுப்புடன் எழுதி வைத்தார். சின்னமாக இருந்த யாழிடம் அவருக்கு இருந்த பக்தி, ஒலித்த யாழிடம் இல்லை. நாட்டுக்காக உயிரையே கொடுத்த உத்தமர் அவர். அவரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் தேசபக்தி வேறு, காது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

பன்டிங் செய்ததும் செய்யாததும்

விழாவை நடத்தியவர்கள் எட்வர்ட் பன்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞரை அமர்த்தியிருந்தார்கள். அவர் மாதாகோவிலில் ஆர்கன் வாசித்து வந்தவர். யாழ்வாணர்கள் வாசிப்பதை ஸ்வரப்படுத்தி எழுத வேண்டும், ஒரு ஸ்வரத்தைக்கூடத் தாமாகச் சேர்க்கக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை.

அந்த நாலு தினங்கள் அந்த இளைஞரின் வாழ்க்கையையே மாற்றிவிட்டன. அதற்குப் பிறகு அவர் கிராமங்களில் அலைந்தார். கடலோரத்துக் குடிசையில் வசித்த ஹெம்ப்ஸனைத் தேடிப் போய்ப் பாடம் எழுதினார். 1796-ல் அறுபத்தாறு மெட்டுகளுடன் முதல் புத்தகத்தை வெளியிட்டார். 1809-லும் 1840-லும் மேலும் இரண்டு புத்தகங்கள். அவர் இல்லாவிட்டால் அந்த மெட்டுகளில் பல, பதினொருவரோடு சேர்ந்தே மண்ணுக்குள் போயிருக்கும். இந்தக் கீர்த்தியை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது.

ஆனால் அவர் புத்தகங்களை வாங்கப் போகிறவர்கள் யார்? பியானோ வைத்திருந்த கனவான்கள். ஆகவே அச்சிட்டபோது மெட்டுகளைப் பியானோவுக்குத் தக்கபடி மாற்றி, யாழில் இல்லாத ஸ்வரங்களையும் சேர்த்துவிட்டார். 1802-ல் பேட்ரிக் லிஞ்ச் என்பவரை மேற்குப் பிரதேசத்துக்கு அனுப்பி, பாட்டுகளின் ஐரிஷ் மொழிச் சாகித்யங்களை எழுதி வாங்கினார். 1809-ம் வருஷத்துப் புத்தகத்திலோ அவற்றுக்குப் பதிலாக இங்கிலீஷ் பாட்டுகளே இடம் பெற்றன. அதே மெட்டுகளில் சிலவற்றைத் தாமஸ் மூர் என்னும் கவிஞர் எடுத்து, இங்கிலீஷ் பாட்டுகள் புனைந்து, லண்டன் சீமாட்டிகளைக் கண்ணீர் விடச் செய்தார். மெட்டு பிழைத்தது, மொழி பின்தங்கியது, நகமோ கவனிப்பாரின்றிப் போயிற்று.

கவனிக்க யாருமே முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. 1808-ல் பெல்பாஸ்டில் யாழ்ச் சங்கம் ஒன்று தொடங்கி, கண்ணிழந்த சிறுவர்களுக்குப் பாடசாலை வைத்தது. பணமில்லாமல் சில வருஷங்களில் அது மூடப்பட்டது. பிறகு, 1819-ல் அது மறுபடி உயிர் பெற்றது. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமோ? நமது கல்கத்தாவிலிருந்து! அங்கே உத்தியோகத்திலும் வியாபாரத்திலும் இருந்த ஐரிஷ்காரர்கள் வசூலித்து அனுப்பினார்கள். நம் தேசத்தில் சம்பாதித்துச் சீமைக்குக் கொண்டுபோன பணத்தில் ஒரு சிறு பகுதியாவது இத்தகைய நல்ல காரியத்துக்குப் போயிற்றே என்று நாம் திருப்தி அடையலாம். அப்பாடசாலை சுமார் இருபது வருஷம் நடந்தது. ஆனால் படித்து வெளியே வந்த பிள்ளைகளை அழைத்து உட்காரவைத்துக் கேட்க வீடுகள் இல்லை. டப்ளினில் ஜான் ஈகன் என்பவர் தந்தி நரம்பு பூட்டிய புது மாதிரி யாழ் செய்து விற்றார். கன்னியாஸ்திரீ மடங்களிலும் பணக்கார வீடுகளிலும் அது பரவிற்று. இனிய வாத்தியந்தான். எனினும் அது வேறு நரம்பு, வேறு விரல், வேறு நாதம்.

ஹெம்ப்ஸன் 1807-ல் காலமானார். அவருடைய யாழ் இப்போது டப்ளினில் உள்ள கின்னஸ் மதுக் கம்பெனியாரின் வசம் இருக்கிறது. அந்தக் கம்பெனியார் யாழைத் தங்கள் வியாபாரச் சின்னமாக 1876-லேயே பதிவு செய்துகொண்டவர்கள். அரசாங்கத்தின் யாழும் கம்பெனியின் யாழும் எதிரெதிர்த் திசையில் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. மது பாட்டிலில் இருப்பது எது, பாஸ்போர்ட்டில் இருப்பது எது என்று பார்ப்பவர் மயங்காமலிருக்க இது உதவும்.

துருத்தியும் சீவாளியும்

இனி, அதே அயர்லாந்தில் அதே கஷ்டங்களுக்கு நடுவே பிழைத்துக்கொண்ட வாத்தியம் ஒன்றைப் பார்ப்போம். 'இல்லன் பைப்ஸ்' என்பது அதன் பெயர். இல்லன் என்றால் ஐரிஷ் மொழியில் முழங்கை. ஸ்காட்லந்துக்காரர் பட்டாளத்தில் நின்றுகொண்டு வாயால் ஊதும் பைக்குழலைப் படங்களில் நேயர்கள் பார்த்திருக்கலாம். ஐரிஷ் குழலை வாயால் ஊதுவதில்லை. வித்துவான் உட்கார்ந்துகொண்டு, வலது முழங்கையால் ஒரு துருத்தியை அமுக்குகிறார். அந்தக் காற்று இடது கக்கத்திலுள்ள பையில் நிரம்பி, அங்கிருந்து குழல்களுக்குச் செல்கிறது. வாசிக்கும் குழலில் இரண்டு ஸ்தாயி பேசும். நம் நாகஸ்வர வித்துவானுக்கு ஒத்து ஊதப் பின்னால் ஒருவர் இருக்கிறார் அல்லவா? இங்கே மூன்று ஒத்துக் குழல்கள் வித்துவானின் மடியிலேயே படுத்திருக்கின்றன. போதாததற்கு, மணிக்கட்டினால் சாவிகளை அமுக்கிச் சேர்ந்திசை எழுப்பும் குழல்கள் வேறு மூன்று உண்டு. முழங்கை, மணிக்கட்டு, பத்து விரல் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் வேலை! சீவாளியின் தொல்லையோ நம் நாகஸ்வரக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். கற்க ஏழு வருஷம், சாதகம் செய்ய ஏழு வருஷம், வாசிக்க ஏழு வருஷம், ஆக இருபத்தொரு வருஷம் ஆனால்தான் ஒருவன் பைப்பர் ஆவான் என்று அங்கே வசனம் சொல்கிறார்கள்.

இவ்வளவு கடினமான வாத்தியம் எப்படிப் பிழைத்தது? ஜானி டோரன் (1908–1950) என்பவரின் கதையைக் கேளுங்கள். அவர் நாடோடிக் குடும்பத்தில் பிறந்தவர். குதிரை பூட்டிய வண்டியே அவர் வீடு. சந்தைகளிலும் பந்தய மைதானங்களிலும் வாசித்துப் பிழைத்தார். கிளேர் ஜில்லாவில் மில்டவுன் மால்பே என்ற சிற்றூரைச் சேர்ந்த வில்லி கிளான்ஸி (1918–1973) அவர் வாசிப்பைக் கேட்டு மயங்கினார்; அருகிலிருந்து கற்றார். 1947-ல் நாட்டுப் பாடல் ஆராய்ச்சிக் கமிஷன் டோரனுடைய வாசிப்பை ஒலித்தட்டில் பதிவு செய்தது. அடுத்த வருஷ ஆரம்பத்தில் டப்ளினில் ஒரு சுவர் இடிந்து விழுந்து அவர் நடக்க முடியாதவரானார், 1950-ல் காலமானார். சில மாதங்கள் தாமதித்திருந்தால் அந்தப் பதிவும் இல்லை.

ஆனால் அந்தத் தட்டை மட்டும் நம்பி வித்தை நிற்கவில்லை. டோரனின் கை கிளான்ஸியின் கையில் ஏறியிருந்தது. கிளான்ஸி காலமான 1973-ம் வருஷத்திலேயே அவர் பெயரால் அதே ஊரில் ஒரு கோடைப் பாடசாலை தொடங்கிற்று. 1968-ல் பைப்பர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்படுத்திக்கொண்டபோது, தேசத்தில் அந்த வாத்தியம் வாசிப்பவர்கள் நூறு பேர்கூட இல்லை. இன்றோ கடல் கடந்த நாடுகளிலும் சிஷ்யர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2017-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை மனித குலத்தின் கலைச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

சிகாகோவின் போலீஸ் தலைவர்

பிடில், மரப் புல்லாங்குழல், ஆறு துளைத் தகரக் குழல், ஆட்டுத்தோல் பூட்டிய 'பௌரான்' ஆகியவை ஐரிஷ் கிராமத்தின் மற்ற வாத்தியங்கள். பௌரான் நம் கஞ்சிராவுக்கு அண்ணன் முறை. சிறு கோலினால் அதை வாசிப்பார்கள். பிடில் ஐரிஷ்காரருக்கும் அந்நிய வாத்தியந்தான். ஆனால் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சகோதரர் பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலந்தொட்டு அது நமதாகிவிட்டதைப் போல, அங்கே அவர்களுடையதாகிவிட்டது. இவற்றில் வாசிப்பவை பெரும்பாலும் நாட்டிய மெட்டுகள். 'ஜிக்' என்பது மும்மூன்றாகத் துள்ளும் திச்ர நடை. 'ரீல்' என்பது விரைந்தோடும் சதுச்ர நடை.

1845-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் பத்து லக்ஷம் பேர் மாண்டார்கள். பத்து லக்ஷம் பேர் கப்பலேறினார்கள். மெட்டுகளும் அவர்களுடன் கப்பலேறின. கார்க் ஜில்லாவில் பிறந்த பிரான்ஸிஸ் ஓ நீல் (1848–1936) பதினாறு வயதில் மாலுமியாகப் புறப்பட்டு, பிற்பாடு அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் போலீஸ் தலைவராக உயர்ந்தார். திருடனைப் பிடிப்பது போலவே மெட்டுகளையும் துரத்திப் பிடித்தார். நல்ல பிடில்காரனோ குழல்காரனோ வேலை தேடி வந்தால் போலீஸ் உடுப்பு நிச்சயம்! அவருக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. ஜேம்ஸ் ஓ நீல் என்ற நண்பர் எழுதினார். 1903-ல் 1,850 மெட்டுகளுடன் ஒரு புத்தகமும், 1907-ல் 1,001 நாட்டிய மெட்டுகளுடன் இன்னொன்றும் வெளிவந்தன. பன்டிங்கின் புத்தகம் பியானோவின் மேல் போய் உட்கார்ந்தது. ஓ நீலின் புத்தகமோ வாசிப்பவர்களின் கைக்கே திரும்பிச் சென்றது. இன்றும் அவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் அதிலுள்ளதை வெறும் எலும்புக்கூடாகவே கொள்கிறார்கள். கமகத்தையும் நடையையும் பெரியவர்களுடன் கூட உட்கார்ந்து காதால் பிடிக்கிறார்கள்.

நகம் வளர்ப்பவர்கள்

பித்தளை யாழின் கதை முற்றும் முடிந்துவிடவில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, சில பிடிவாதக்காரர்கள் காட்சிசாலையிலுள்ள பழைய யாழ்களை அளந்து, அதே போல் மரம் குடைந்து, பித்தளைக் கம்பி பூட்டி, நகம் வளர்த்து வாசிக்கிறார்கள். பெல்பாஸ்டு குயின்ஸ் சர்வகலாசாலையில் உள்ள பன்டிங்கின் கையெழுத்துப் பிரதிகளே அவர்களுக்குக் குரு. அவர் 1840-ல் குறித்து வைத்த விரல் முறைகளை வார்த்தை வார்த்தையாக ஆராய்ந்து, எந்தக் கம்பியை எப்போது அடக்கினார்கள் என்று ஊகிக்கிறார்கள். ஹெம்ப்ஸனிடம் ஒரு சிறுவன் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கக்கூடியதை இன்று பல அறிஞர்கள் பல வருஷம் உழைத்துத் தேடுகிறார்கள். 2019-ல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஐரிஷ் யாழும் சேர்ந்திருக்கிறது.

அவர்களுக்குப் பன்டிங்காவது கிடைத்தார். நம் யாழுக்கு அவரும் இல்லை. பழந்தமிழர் பேரியாழும் சகோட யாழும் வாசித்தார்கள் என்று இலக்கியங்கள் சொல்கின்றன. வாசித்த கையோ, கேட்டு எழுதிய கையோ நமக்கு எட்டவில்லை. விபுலாநந்த அடிகள் பல வருஷம் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துருவி ஆராய்ந்து, 1947-ல் 'யாழ் நூல்' இயற்றித் தந்தார். அதே வருஷத்தில் காலமும் ஆனார். அவ்வளவு பெரிய உழைப்பு, ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுக்கத் தவறியதை ஈடு செய்வதற்காக!

நம் நேயர்களின் வீடுகளில் இன்று யாழ் இல்லை. ஆனால் தாலாட்டும், நலங்குப் பாட்டும், கும்மியும் தெரிந்த பாட்டிமார்கள் சில வீடுகளிலாவது இருக்கிறார்கள். கைப்பேசி இல்லாத வீடே இல்லை. பாட்டியின் பாட்டைப் பதிவு செய்து வைப்பது ஐந்து நிமிஷ வேலை. அவசியம் செய்யுங்கள். டோரனின் தட்டைப் போல் அது என்றாவது பயன்படும். செய்த பிறகு, வீட்டிலுள்ள பெண்ணையோ பிள்ளையையோ கூப்பிட்டுப் பாட்டியின் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒரு மாதத்தில் ஒரு பாட்டு வந்தாலும் போதும். பாட்டி எங்கே மூச்சு விடுகிறாள், எந்த இடத்தில் குரலை அடக்குகிறாள் என்பதெல்லாம் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குத்தான் தெரியும்.